புதுச் சிலந்தி வீட்டுக்கு வந்த நாள்: மனதை விட்டுப் போகாத ஒரு நிமிடம்
(வீட்டில் டாரன்டுலா என்னும் பெரிய முடிச் சிலந்தி வளர்ப்பவர்கள் எழுதியவை)

நீலக்கால் (ஹாரோ)
ஜனவரிக் குளிரில் தபாலில் போக்கி (மரத்தில் வாழும் டாரன்டுலா இனம்) வாங்கலாமா கூடாதா என்று ஆளாளுக்கு ஒரு கருத்து இருக்கும், அதற்குள் போகவில்லை. என்னுடையது மெட்டாலிக்கா என்ற நீலப் போக்கி, ஓரளவு வளர்ந்த பெண். தெர்மாகோல் பெட்டிக்குள் இருந்த ஹீட் பேக் ஆறிச் சில்லென்று கிடந்தது. ஈர டிஷ்யூவைப் பிரித்தால் கால்களை மடக்கிக்கொண்டு அசைவில்லாமல் இருக்கிறது. முடிந்தது என்றே நினைத்து, டப்பாவை மூடிச் சூடான அறையில் வைத்துவிட்டு, வேறு வேலையில்லாமல் கார்க் பட்டையை நிமிர்த்திக்கொண்டிருந்தேன். அப்புறம் மூடியைத் தூக்கியபோது முன்கால் இரண்டும் மேலே எழுந்தன. உடம்பெல்லாம் நீலம், அந்தக் கால்களின் அடியில் மட்டும் பளீரென்று மஞ்சள். அதைப் பார்த்தது நினைவிருக்கிறது. அடுத்த நொடி அது என் ஸ்வெட்டரின் கைமேல் இருந்தது, அதற்கடுத்து தோளுக்குப் பின்னால் போய்விட்டது. எங்கே நிற்கிறது என்று எனக்குத் தெரியாது. மனைவி பிரியாணி வாங்கிய பிளாஸ்டிக் டப்பாவைக் கொண்டுவந்து என் முதுகில் கவிழ்த்து, அடியில் ஓர் அட்டையைச் செருகினாள். அது பெட்டிக்குள் போகும்வரை அவள் ஒரு வார்த்தை பேசவில்லை. கடி விழவில்லை. ஆந்திரத்தில் நந்தியாலுக்கும் கித்தலூருக்கும் நடுவே உள்ள காட்டில் மரப்பொந்தில் வாழ்கிற உயிர், என் தோளை மரம் என்று எடுத்துக்கொண்டிருக்கலாம். இப்போதும் அந்தப் பெட்டியைத் திறக்கும்போதெல்லாம் முதுகு கூசுகிறது.

ஸ்காபரோ அக்கா
என்னுடையது வெர்சிகலர் என்ற வகையின் ஸ்லிங், அதாவது குஞ்சு, விரல் நகம் அளவுகூட இல்லை. குப்பியைத் திறந்தால் மல்லாந்து கிடக்கிறது. மகள் "செத்துப்போச்சும்மா" என்று அழத் தொடங்கிவிட்டாள். தோலுரிக்கும்போதுதான் அப்படிப் படுக்கும் என்று படித்திருந்தாலும், வழிப்பயணத்திலேயே உரிக்கும் என்று யார் எதிர்பார்ப்பார்கள்? மூடியை மறுபடி மெதுவாக வைத்துவிட்டு இருவரும் மேசையில் தலை வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தோம். ஈரக் கையுறையிலிருந்து விரல்களை உருவுவது போல ஒவ்வொரு காலாக வந்தது. ஒரு கால் மட்டும் வரவில்லை. இழுக்கிறது, நிறுத்துகிறது, இழுக்கிறது. கடைசியில் அந்தக் காலை விட்டுவிட்டே எழுந்து நின்றது. அடுத்தடுத்த உரிப்புகளில் கால் முளைத்துவிட்டது, இப்போது வித்தியாசமே தெரியாது. ஆனால் அன்று உதவி செய்யத்தான் வேண்டுமா, விட்டுவிடத்தான் வேண்டுமா என்ற கேள்வி இன்னும் என்னிடம் இருக்கிறது.

லீட்ஸ் மாமா
அக்கா, விட்டதுதான் சரி. உரிக்கும்போது தொட்டால் முழு உடம்பும் போய்விடும்.
என் கதை சின்னது. ஊரைவிட்டுப் போன நண்பர் ஒருவர் தன் சிலி ரோஸ் என்ற டாரன்டுலாவைக் கொடுத்தார். பெட்டி மாற்றும்போது தன் வயிற்றின் அரிக்கும் முடிகளைக் காலால் உதைத்து வீசியது, மணிக்கட்டு பல நாள் அரித்தது, அவ்வளவுதான்.
ஆனால் நீலக்கால் தம்பிக்கு ஒன்று சொல்ல வேண்டும். வந்த பார்சலை மேசையில் வைத்துத் திறப்பதே தவறு. பெரிய பிளாஸ்டிக் தொட்டி ஒன்றுக்குள் வைத்துத் திறங்கள். குப்பியை அப்படியே புதுப் பெட்டிக்குள் படுக்கவைத்து மூடியை எடுத்துவிட்டால், அது தன் நேரத்துக்கு வெளியே வரும். பக்கத்தில் பிடிகப்பும் (சிலந்தியின்மேல் கவிழ்க்கும் கப்) மெல்லிய தூரிகையும் இருக்கட்டும். தரையில் வாழும் வகை என்றால் மண்ணை உயர்த்திப் போடுங்கள், மேலிருந்து விழுந்து வயிறு கிழிந்தால் காப்பாற்ற முடியாது. ஹீட் மேட்டை (சூடாக்கும் விரிப்பு) பெட்டிக்கு அடியில் வைக்காதீர்கள், சூட்டுக்குப் பயந்து கீழே தோண்டித் தோண்டி இன்னும் சூட்டுக்குள் போகும். வந்த அன்றே பூச்சி போடாதீர்கள், தண்ணீர் போதும். எல்லாவற்றுக்கும் மேலாகக் கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி அணியுங்கள். 2010 தொடக்கத்தில் லான்செட் மருத்துவ இதழில் எங்கள் ஊர்க்காரர் ஒருவரைப் பற்றி எழுதினார்கள். சிலி ரோஸின் தொட்டியைச் சுத்தம் செய்தபோது அது உதைத்த முடிகள் கருவிழியில் ஏறிவிட்டன. சாமணத்தாலும் எடுக்க முடியாத அளவு நுண்ணியவை.

நீலக்கால் (ஹாரோ)
மாமா, போக்கிக்கு உதைக்கும் முடியே கிடையாது, அது ஓல்ட் வேர்ல்ட், அதாவது ஆசியா, ஆப்பிரிக்கா பக்கத்து வகை. அதன் ஆயுதம் வேகமும் விஷமும்தான். கடித்தால் நாள்கணக்கில் தசை இழுக்கும். கண்ணாடி போட்டிருந்தால் என் முதுகில் இருந்தது தெரிந்திருக்குமா?

டோர்ட்முண்ட் தம்பி
ஜெர்மனியின் ஹம் ஊர்ச் சந்தையில் வாங்கிய தெரபோசா என்ற பெரிய டாரன்டுலா. விற்றவர் "காட்டில் பிடித்ததில்லை" என்று அடித்துச் சொன்னார். எது வந்தாலும் நான் முதலில் தனி அறையில்தான் வைப்பேன், இதையும் அப்படித்தான் வைத்தேன். வெட்டுக்கிளியைத் தொடவில்லை. எப்போது பார்த்தாலும் தண்ணீர்த் தட்டின்மேல் கால்நுனியில் நின்றது. ஒரு ராத்திரி டார்ச் அடித்துப் பார்த்தேன். கோரைப்பற்களுக்கு நடுவே வெள்ளையாக ஏதோ பிசுபிசுத்தது. உற்றுப் பார்த்தால் அந்த வெள்ளை நெளிகிறது.
நெமட்டோட் என்ற ஒட்டுண்ணிப் புழு. மருந்து இல்லை. 2022ல் கலிஃபோர்னியாவில் இதே போல் டாரன்டுலாவின் வாயைத் தாக்கும் புழு ஒன்றுக்கு டாரன்டோபீலஸ் ஜெஃப்டேனியல்சி என்று பெயர் வைத்தார்கள், எட்டுக்கால் பூச்சிப் படத்தில் நடித்த ஜெஃப் டேனியல்ஸின் பெயர். என்னிடம் வந்தது அதுவேதானா, வேறு வகையா, எனக்கு ஒன்றுதான். மற்ற பெட்டிகளுக்குப் பரவவில்லை. அதை ஃப்ரீசரில் வைக்கும் முன்பு அது என் பக்கம் திரும்பியது.

ஸ்காபரோ அக்கா
தம்பி, மனசு கனத்துவிட்டது. மாமா, நீங்கள் எழுதிய அவ்வளவிலும் தனிமைப்படுத்துவது பற்றி ஒரு வரி இல்லையே? எனக்கு அதுதான் முதல் விதி.

லீட்ஸ் மாமா
அடுத்ததாக எழுத இருந்தேன். ஒரே சாமணத்தை எல்லாப் பெட்டிக்கும் போடாதீர்கள், அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

வன்னிப்பெட்டை (டூட்டிங்)
நான் ஃபாசியாட்டா என்ற இலங்கைப் போக்கி எடுத்தேன், இங்கேயே குஞ்சு பொரித்தது. போக்கி இனம் முழுக்க 2019ல் சைட்டிஸ் (அரிய உயிர்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் உலக ஒப்பந்தம்) பட்டியலில் வந்ததால், எங்கே பிறந்தது என்று எழுதித் தராதவரிடம் நான் வாங்குவதில்லை. அம்மாவுக்குச் சொல்லவே பயந்தேன். பெட்டிக்குக் கிட்டப் போய்க் குனிந்து பார்த்தவ, "இது எங்கட மாங்குளத்து வீட்டில இருந்ததெல்லோ" என்றா. பழைய வீட்டுக் கூரை மரத்துக்குள் இருக்குமாம், ஐயா விளக்குமாற்றால் மெல்லத் தள்ளி வெளியே விடுவாராம். இடம்பெயர்ந்த பிறகு அந்த வீட்டைப் பற்றி அம்மா தானாகக் கதைத்தது அன்றைக்குத்தான். ஆனால் ஊரில் இருந்தது இதைவிடப் பெரிது, வரியும் வேறு என்கிறா. 2012ல் மாங்குளத்தில் கண்டுபிடித்ததாக அறிவித்த ராஜேயி என்ற போக்கியாக இருக்குமோ? யாருக்காவது தெரியுமா?

லீட்ஸ் மாமா
போக்கியை முதுகு வரியை வைத்துச் சொல்ல முடியாது தங்கச்சி, காலின் அடிப்பக்க வரியால்தான் பிரிப்பார்கள். அது கண்ணாடியில் ஏறி நிற்கும்போது வெளியிலிருந்து படம் எடுத்து அம்மாவுக்குக் காட்டுங்கள். ராஜேயியின் படத்தையும் பக்கத்தில் வையுங்கள். அம்மா என்ன சொல்கிறா என்று இங்கே எழுதுங்கள்.