மறு: ஆக்டிவ் யூசருக்குத் தமிழ்ச் சொல் – ‘புழங்குநர்’ சரியா?

> ‘செயலூக்கப் பயனர்’ என்றே வைத்துக்கொள்ளலாம். நிரல்மொழிக்கும் அது பொருந்தும்.

ஐயா, வணக்கம்.

பொருந்தாது என்பது என் கட்சி. செயலூக்கம் ஆளின் குணம். துடிப்பானவர் என்றுதான் காதில் விழுகிறது. நாம் எண்ணப்போவது துடிப்பை அல்ல. தமிழிலேயே நிரல் எழுத உதவும் எழில் மாதிரி ஒரு சிறிய நிரல்மொழியில் இன்றைக்கு எத்தனை பேர் எழுதுகிறார்கள், அவ்வளவுதான் கேள்வி.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்கு மொரிசியஸின் ரோஸ் ஹில்லில் எங்கள் வீட்டுக்கு வந்தவர் மொழியைப் பற்றி இரண்டு கேள்வி கேட்டார். முன்னோர் மொழி எது? “தமிழ்” என்றார் பாட்டி. வீட்டில் பேசுவது? “கிரியோல்” (பிரெஞ்சிலிருந்து கிளைத்த எங்கள் ஊர்ப் பேச்சுமொழி). இரண்டும் உண்மை. இரண்டையும் கிரியோலில்தான் சொன்னார். நிரல்மொழிக் கணக்கில் பலர் முதல் கேள்வியின் விடையைக் கொண்டுபோய் இரண்டாவது கட்டத்தில் எழுதிவிடுகிறார்கள்: மொழியோடு ஏதோ தொடர்பு இருந்தாலே இன்று எழுதுகிறவராக எண்ணிவிடுகிறார்கள்.

டெபியன் என்ற லினக்ஸ் இயங்குதளத்தின் பயன்பாட்டுக் கணக்கெடுப்பான பாப்கான் இதில் தெளிவு. விருப்பப்பட்டு இணைந்த கணினிகளில் ஒரு மென்பொருள் பொதி நிறுவப்பட்டிருப்பதற்கு ஓர் எண், அண்மையில் தொட்டிருப்பதற்கு இன்னோர் எண், நிறுவிவிட்டுத் தூங்கவிட்டதற்குத் தனி எண். நிரல்மொழிகளை வரிசைப்படுத்தும் டியோபி பட்டியல் பார்ப்பது தேடுபொறியில் எத்தனை பக்கம் வருகிறது என்பதை. அது பேச்சின் அளவு. பதிவிறக்கக் கணக்கை நான் நம்புவதே இல்லை. தானியங்கிச் சோதனை ஓடும் ஒரே வழங்கி (சர்வர்) ஒரே இரவில் நாற்பது முறை இறக்கிக்கொள்ளும்.

ஆகவே புழங்குநர். ஓட்டுநர், பெறுநர் போல ‘நர்’. (‘இயக்குனர்’ எழுதுகிறவர்கள் இதையாவது விட்டுவையுங்கள்.) எண்ணிக்கைக்குப் புழங்குதொகை. ‘30 நாள் புழங்குநர்’ என்று காலத்தையும் முன்னால் ஒட்டலாம். விக்கிப்பீடியா அப்படித்தான், கடந்த 30 நாளில் ஏதாவது செய்த பயனரை மட்டும் எண்ணுகிறது.

– ரோஸ் ஹில், மொரிசியஸ்

> சொல் நன்றாக இருக்கிறது தம்பி. ஆனால் உங்கள் ஊர் ரூபாய் நோட்டில் தமிழ் இருக்கிறதே. அது தினமும் புழங்குகிறது. படிப்பவர் எத்தனை பேர்? இன்னொன்று: எண்ணவே முடியாத கூட்டத்தை எப்படி எண்ணுவீர்கள்?

ஐயா, மடக்கிவிட்டீர்கள். நோட்டை எடுத்துப் பார்த்தேன்: ஆங்கிலம், அடுத்து தமிழ், அடுத்து இந்தி. 1998-இல் இந்தி முந்தி அச்சான நோட்டுகளை எதிர்ப்புக்குப் பின் திரும்பப் பெற்றார்கள். அன்று எங்கள் வீடே கொதித்தது. அந்த வரியைப் படிக்கத் தெரிந்தவர் வீட்டில் ஒருவர்தான். நோட்டு புழங்குகிறது, எழுத்து புழங்கவில்லை.

நிரலிலும் இதே கதை. கோப்பு வடிவம் மாற்றும் பான்டாக் என்ற மென்பொருள் ஹாஸ்கெல் என்ற நிரல்மொழியில் எழுதியது. அதை வைத்துக் கோப்பு மாற்றுகிறவரெல்லாம் ஹாஸ்கெல் புழங்குநரா? இல்லை. அந்த மொழியில் ஒரு வரியாவது எழுதியவரோ திருத்தியவரோதான் புழங்குநர். வரையறையில் இதைச் சேர்த்துவிடுகிறேன்.

எண்ணுவதற்கு மீன் கணக்கு இருக்கிறது. குளத்தில் சில மீன்களுக்கு அடையாளம் இட்டு விட்டுவிட்டு, மறுபடி வலை வீசி, அடையாளம் உள்ளவை எத்தனை என்று பார்ப்பார்கள். அந்த விகிதத்தை வைத்து மொத்த மீனைக் கணிப்பார்கள்: முதல் வலை × இரண்டாம் வலை ÷ இரண்டிலும் விழுந்தவை. ‘இருவலை மதிப்பீடு’ எனலாமா? ஒரு மொழியின் மடற்குழுவில் இவ்வாண்டு எழுதியவர் 60, நிரல்களைச் சேமித்துப் பகிரும் பொதுக் களஞ்சியங்களில் நிரல் சேர்த்தவர் 50, இரண்டிலும் இருப்பவர் 12 என்று வைத்துக்கொள்வோம். 60 × 50 ÷ 12 = 250.

ஆனால் வலைகள் ஒன்றையொன்று சாராமல் இருக்க வேண்டும். சிறிய மொழிகளில் அதுதான் நடக்காது. மடலில் வாதாடுகிற அதே பத்துப் பேர்தான் களஞ்சியத்திலும் நிற்பார்கள். இரண்டிலும் இருக்கும் பொது ஆள் கூடக்கூட விடை சுருங்கும். அலுவலகத்துக்குள் சத்தமில்லாமல் எழுதுகிறவர் எந்த வலையிலும் விழமாட்டார். 250 வந்தால் அதைக் குறைந்தபட்சம் என்றே எழுதுவேன்.

இன்னொரு தலைவலி, ஒரே ஆள் இங்கே ஒரு புனைபெயர், அங்கே ஒரு புனைபெயர். அப்போது பொது ஆள் குறைந்து விடை ஊதிவிடும். இந்தப் பெயர் பொருத்தும் வேலைக்கும் ஒரு சொல் வேண்டும். ‘ஆளிணைப்பு’ என்று போட்டுவைத்திருக்கிறேன், எனக்கே பிடிக்கவில்லை. நல்லதாக ஒன்று சொல்லுங்கள்.