சமையலறைக் கழிவும் மெதேன் வாயுவும்: கொழும்பு உறுப்பினர்களின் அனுபவங்கள்

வெள்ளவத்தை உறுப்பினர்:

எங்கள் தொடர்மாடியின் மொட்டைமாடியில் சமையலறைக் கழிவை உக்கவைக்கத் தொடங்கியதற்குப் பசளை இரண்டாவது காரணந்தான். கொழும்பு வீடுகளின் குப்பையில் பாதிக்கு மேற்பட்டது ஈரமான, உக்கும் கழிவு. அது பெரிய குவியலின் அடியில் காற்றுப் படாமல் அமுங்கிக் கிடக்கும்போது, ஒட்சிசன் தேவைப்படாத நுண்ணுயிர்கள் அதனைச் சிதைத்து மெதேனை வெளிவிடுகின்றன. நூறாண்டுக் கணக்கில் அந்த வாயு காபனீரொட்சைட்டைவிட ஏறத்தாழ 28 மடங்கு வெப்பத்தைப் பிடித்து வைக்கிறது. ஆயினும் வளிமண்டலத்தில் அது நிலைப்பது ஏறத்தாழ 12 ஆண்டுகளே என்பதால், இன்று குறைத்தால் பலனை நம் பிள்ளைகளின் இளமைக் காலத்திலேயே காணலாம். கூரையில் சூரியப்படல் பூட்டவோ மின்சாரக் கார் வாங்கவோ வசதியில்லாத குடும்பத்துக்கும் இது இயலும்.

பக்கங்களில் துளையிட்ட பீப்பா ஒன்றே எங்கள் கருவி. அடியில் தேங்காய்த் தும்பைப் பரப்பி, கழிவு ஒரு படை, தும்புத்தூளும் காய்ந்த இலைகளும் ஒரு படை எனப் போட்டு, இடையிடையே கிளறிவிடுகிறோம். காற்று நன்றாக உட்செல்லும்போது நடுப்பகுதியில் கையை வைத்தால் சூடு தெரியும். அழுகிய முட்டை நாற்றம் எழுந்தால் காற்றுப் போதவில்லை என்று பொருள்.

மேல்மாடி அக்கா முதலில் சம்மதிக்கவில்லை. “இங்கேதானே உடுப்புக் காயப்போடுகிறோம், தங்கச்சி. இலையான் மொய்த்தால் என்ன செய்வது?” என்று கேட்டார். நியாயமான கேள்வி. மீன் செதிலையும் குடலையும் நடுவில் புதைத்து, மேலே தும்புத்தூளைத் தடிப்பாகத் தூவிக் காட்டிய பின்னர்தான் அவர் மனம் மாறியது. இப்போது அவர் வீட்டு மரக்கறித் தோலும் இங்கேயே வருகிறது.

கொலன்னாவை உறுப்பினர்:

மீதொட்டமுல்லைக் குப்பைமேட்டுக்கு அருகில் வாழும் எங்களுக்கு இது ஏட்டுச் செய்தியன்று. 2017 ஏப்ரல் 14 அன்று, புத்தாண்டு நாளிலேயே, அந்தக் குப்பைமேடு சரிந்து வீடுகளை மூடியதில் 30 இற்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். அதற்கு முன்னர் நகரத்துக் குப்பை கொழும்பின் புளூமெண்டலில் மலையாகக் குவிந்திருந்தது. பின்னர் புத்தளத்தின் அருவக்காட்டுக்குக் கொண்டுசெல்லும் திட்டம் வந்தபோது அங்குள்ள மக்கள் வீதியில் இறங்கினார்கள். நகரத்தின் கழிவை யாரோ ஓர் ஏழையின் வாசலில் கொட்டுவதை இன்னமும் தீர்வென்று எண்ணுவது எனக்குப் பெரும் வேதனை தருகிறது. எங்கே கொட்டினாலும் ஈரக்கழிவு அங்கும் மெதேனையே தரும்.

எங்கள் ஒழுங்கையில் வீடு வீடாகச் சென்று இரண்டு வாளி வைக்கும்படி கேட்டோம். பலர் வைத்தார்கள். ஆனால் வந்த லொறி இரண்டையும் ஒன்றாகக் கொட்டிச் சென்றதைக் கண்டதும், பாதிப்பேர் கைவிட்டுவிட்டார்கள். லொறியில் வந்த தொழிலாளி ஒருவரிடம் பேசியபோது, “ஒரே நாளில் இரண்டும் வந்தால் நாங்கள் எங்கே பிரித்து வைப்பது, ஐயா?” என்றார். ஈரக்கழிவுக்கு ஒரு நாள், காகிதத்துக்கும் பிளாஸ்டிக்குக்கும் வேறொரு நாள் என்று ஒழுங்கு செய்த பின்னரே வீடுகளில் நம்பிக்கை திரும்பியது. மக்களிடம் பிரிக்கச் சொல்லும் நகரம், பிரித்ததைப் பிரித்தபடியே எடுத்துச் செல்லவும் கடமைப்பட்டது. கெரவலப்பிட்டியில் குப்பையை எரித்து மின்சாரம் எடுக்கும் நிலையத்துக்கும் இது உதவும். ஈரம் மிகுந்த குப்பையை எரிக்கையில், வெப்பத்தின் பெரும்பங்கு நீரை ஆவியாக்குவதிலேயே போய்விடும்.

கொட்டாஞ்சேனை உறுப்பினர்:

நான் சிறிய சாப்பாட்டுக் கடை நடத்துகிறேன். உக்கவைப்பதற்கு முன்னால், மீதியாகாமல் பார்ப்பதே மேல் என்பது என் கருத்து. நெல் வயலில் நீர் தேங்கி நிற்கும்போதும் மெதேன் எழுகிறது. அந்தச் சோற்றையே நாம் வீசினால் குப்பைமேட்டில் மறுபடியும் எழுகிறது. மதியச் சாப்பாட்டுப் பார்சலில் எல்லோருக்கும் ஒரே அளவு சோறு கட்டுவதை நிறுத்தி, அரைப் பார்சலும் விற்கத் தொடங்கினேன். அலுவலகப் பெண்களும் வயதானவர்களும் அதையே கேட்டு வாங்குகிறார்கள். மாலையில் மிஞ்சுவதைக் கோழி வளர்ப்பவர் ஒருவர் எடுத்துச் செல்கிறார். அதில் கலந்துவிடாதபடி கறி எலும்பையும் வாழையிலையையும் தனியே ஒதுக்கி வைக்கிறோம்.