அப்பாவின் இரத்த ரிப்போர்ட்: தெரிந்தவர்கள் சொல்லுங்கள்
அண்ணன்மார், அக்காமார், ஒரு உதவி. கல்லடியில் இருக்கிற அப்பாவுக்கு வயது 58, நாளுக்கு ஒரு பெட்டி சிகரெட். போன கிழமை ரிப்போர்ட்டில் வெண்குழியம் 12,300, சிஆர்பி (உடம்பில் அழற்சி இருப்பதைக் காட்டும் அளவு) 8, ஹீமோகுளோபின் 17.4. காய்ச்சல், சளி ஒன்றுமில்லை. புகை நுரையீரலில் அழற்சி உண்டாக்குவதால் முதல் இரண்டும் கூடும். புகையிலுள்ள காபனோரொட்சைட்டு இரத்தத்தில் ஒட்சிசனின் இடத்தைப் பிடித்துக்கொள்வதால் உடம்பு செங்குழியங்களைக் கூடுதலாக ஆக்கும், அதனால் ஹீமோகுளோபினும் கூடும் என்று படித்தேன். அப்பாவோ அந்த 17.4 ஐ மட்டும் விரலால் தொட்டுக்காட்டி, "பார், இரத்தம் நல்லாத்தான் இருக்கு" என்று அடுத்ததைப் பற்றவைக்கிறார்!

சரி, சிகரெட்டை விட்டு எத்தனை கிழமையில் மறுபடி சோதித்தால் வித்தியாசம் தெரியும்? வேறு காரணம் இல்லையென்று உறுதிசெய்ய டாக்டரிடம் என்ன கேட்கலாம்? மட்டக்களப்பில் புகைத்தலை விடுவதற்கான கிளினிக் எங்கே, எந்த நாளில் நடக்கிறது?