மட்டியும் செந்துளுவனும்: திசு வளர்ப்பில் பட்ட அனுபவங்கள்

நாகர்கோவில், முன்னாள் ஆய்வக மாணவி:

மட்டி வாழைக் கன்றின் குருத்தைக் குப்பியில் வளர்த்து, பிரித்துப் புதிய ஊடகத்துக்கு (சத்துக்கலவைக்கு) மாற்றும் மறுவளர்ப்பில் நான்காம் முறை வரை கறுக்காமல் கொண்டுவந்திருந்தேன். ஐந்தாவதற்கு ஊடகம் தயாரித்த அன்று, லிட்டருக்கு 5 மில்லிகிராம் பென்சைல் அடினைன் என்ற சைட்டோகைனின் வகை வளர்ச்சி ஊக்கி சேர வேண்டிய இடத்தில், மில்லிலிட்டருக்கு 1 மில்லிகிராம் வீதம் கரைத்து வைத்திருந்த கரைசலை 5 மில்லிலிட்டருக்குப் பதிலாக 50 மில்லிலிட்டர் ஊற்றியிருக்கிறேன். மூன்று வாரம் கழித்துப் பார்த்தால், ஒரு குருத்தும் நீளவில்லை. காலிஃபிளவரைப் போலத் திரண்ட மொட்டுக்கட்டிகள் கண்ணாடியை முட்டிக்கொண்டிருந்தன. சைட்டோகைனின் மிகுந்தால் தண்டு, ஆக்சின் என்ற இன்னொரு ஊக்கி மிகுந்தால் வேர் என்று ஸ்கூக், மில்லர் என்ற ஆய்வாளர்கள் 1957இல் காட்டியதைத் தேர்வில் எழுதி மதிப்பெண் வாங்கியவள்தான் நான். ஊக்கியே சேர்க்காத ஊடகத்துக்கு மாற்றியும் பயனில்லை. கொட்டுவதற்கு முன் குப்பிகளை ஆட்டோகிளேவில் (அழுத்த நீராவியால் கிருமி நீக்கும் கலனில்) வைத்தேன்; மூடியைத் திறந்தபோது எழுந்த வெந்த வாழைத்தண்டின் வாடை இன்னும் மூக்கில் நிற்கிறது.

திருவட்டார், வாழை விவசாயி:

உங்களுக்குப் போனது குப்பிகள். எனக்குப் போனது ஒன்றரை வருடம். செந்துளுவன் (செவ்வாழை) என்று சொல்லிக் கொடுத்த 120 திசு வளர்ப்புக் கன்றுகளில் ஒன்பது, தண்டில் சிவப்பே ஏறாமல் நின்றன. குலை தள்ளியபோது காயும் பச்சை. வெட்டிய அன்று வியாபாரி அந்தக் குலைகளை மட்டும் காலால் ஒதுக்கிவிட்டு, "இது என்ன இனம்?" என்று கேட்டார். எனக்கு வாய் எழவில்லை. ஊக்கியை அள்ளி ஊற்றிக் கன்றைப் பெருக்கினால் இப்படித்தான் ஆகும்.

தோவாளை, சிறு நாற்றங்கால்:

எல்லாப் பழியையும் ஊக்கியின் தலையில் போடுவதை என்னால் ஏற்க இயலவில்லை. செந்துளுவனின் சிவப்பே நிலையானதல்ல. பக்கக்கன்று வைத்தாலும் சில வேளை பச்சையாக மாறும். ஊக்கியைக் கூட்டி, மறுவளர்ப்பையும் எல்லையின்றி நீட்டினால் இனம் மாறிய கன்றுகள் பெருகும் என்பது உண்மை. ஆகவே கன்று வாங்கும்போது எத்தனையாவது மறுவளர்ப்பு என்று கேளுங்கள். எட்டைத் தாண்டியிருந்தால் வாங்காதீர்கள்.

என் கதை சிறியது. குப்பியிலிருந்து எடுத்த 300 கன்றுகளை, ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்று வீசிய ஒரு பிற்பகலில் மூடாமல் விட்டேன். மாலையில் அவை வதக்கிய கீரையாகக் கிடந்தன. குப்பிக்குள் வளர்ந்த இலைக்கு மெழுகுப்பூச்சு மெல்லியது, இலைத்துளைகளும் சரியாக மூடாது. வேரில் ஒட்டிய அகாரை (ஊடகத்தைக் கெட்டியாக்கும் கூழை) கழுவாவிட்டால் அதிலுள்ள சர்க்கரையில் பூஞ்சை பிடிக்கும். கழுவி, தென்னைநார்க் கழிவு நிரப்பிய குழித்தட்டில் வைத்து, பாலித்தீன் தாளால் மூடி, தாளைத் தினமும் சற்றுக் கூடுதல் நேரம் விலக்கிப் பழக்குங்கள். பிறகு நிழல்வலைக்குக் கீழே பையில் மாற்றி, ஐந்தாறு இலை விட்ட பிறகே வயலில் இறக்குங்கள்.

திருவட்டார், வாழை விவசாயி:

நான் கேட்டது கன்று பழக்கும் முறையை அல்ல. அந்த ஒன்பது குலைக்கு யார் பொறுப்பு?