தொட்டிக்கட்டு வீட்டு ஆசாரத்துக்கு என்ன விளக்கு போடலாம்?

கோபிக்காரி:
தாத்தா கட்டின தொட்டிக்கட்டு வீட்டைப் புதுப்பிக்கிறோம்ங்க. ஆசாரத்தில், அதாவது கூடத்தில், தேக்குத் தூண், சிவப்புச் சிமெண்ட் தரை. எலக்ட்ரீசியன் 6500 கெல்வின் (நீலம் கலந்த வெள்ளை வெளிச்சம்) பேனல் விளக்கு போடலாம் என்கிறார். ஒன்று மாட்டிப் பார்த்ததில் அம்மாவுக்குக் கண் கூசுகிறது. அங்கேதான் அவர் உட்கார்ந்து பூக் கட்டுவார். என்ன செய்யலாம்?

திருப்பூர் சாயம்:
வேண்டாம்ங்க அக்கா. எங்கள் டையிங்கில் ஷேடு பார்க்கும் பெட்டியில் டி65 என்ற பகல் வெளிச்ச விளக்கு எரியும், அதுவும் ஏறக்குறைய 6500தான். துணிக்குச் சரி, தேக்கும் சிவப்புத் தரையும் அதில் களையிழந்து போகும். 2700 அல்லது 3000 கெல்வின், மஞ்சள் கலந்த வெளிச்சமாக வாங்குங்கள். அதைவிட முக்கியம் சிஆர்ஐ, அதாவது நிறங்களை விளக்கு எவ்வளவு இயல்பாகக் காட்டும் என்பதன் அளவு. அது 90க்கு மேல் இருக்கட்டும். ஆர்9 எண்ணையும் கேளுங்கள். ஆழ்ந்த சிவப்பை விளக்கு எவ்வளவு சரியாகக் காட்டும் என்பதன் அளவு அது. சிஆர்ஐ 80 உள்ள மலிவு எல்இடியில் ஆர்9 பெரும்பாலும் குறைவாகத்தான் இருக்கும், குங்குமம்கூட மங்கித் தெரியும்.

பொள்ளாச்சி:
சுவரை ஒட்டிக் கீழிருந்து ஸ்பாட் அடித்தால் சுண்ணாம்புப் பூச்சின் மேடுபள்ளமெல்லாம் நிழலாக எழும்பும், அழகு! கொஞ்சம் தள்ளி வைத்தால் சுவர் சமமாகத் தெரியும்.

கோபிக்காரி:
சரிங்க, அம்மா பூக் கட்ட?

திருப்பூர் சாயம்:
அந்த இடத்துக்குத் தனி விளக்கு, தனி சுவிட்ச். பூக் கட்டும் இடத்தில் விழும் வெளிச்சம் 300 லக்ஸாவது (லக்ஸ் என்பது வெளிச்ச அளவு) வேண்டும், வயசானவர்களுக்குக் கூடவே வேண்டும். பல்பு கண்ணில் படாத மூடி உள்ளதாகப் பக்கவாட்டில் வையுங்கள். அப்புறம், வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் டிம்மர் போட்டால் அதற்கு ஏற்ற எல்இடியா என்று கேட்டு வாங்குங்கள், இல்லாவிட்டால் மினுக்கும்.