சகூட்டிங் கோலாட்டம் குறித்து உதவி தேவை

அனைவருக்கும் வணக்கம். பிலிப்பைன்ஸின் ஆப்ரா மாகாணத்தில் ஆடப்படும் சகூட்டிங் நடனத்தைப் பற்றி ஒரு கட்டுரை எழுதி வருகிறேன். முதலில் ஆண்பிள்ளைகள் மட்டுமே ஆடிய இந்நடனத்தில், கிறிஸ்தவர்களான இலோக்கானோ இனத்தவரும் கிறிஸ்தவம் தழுவாத மலைவாசிகளும் மோதிக்கொள்வதாகப் பாவித்து, இரு அணியினர் எதிரெதிரே நின்று, ஏறத்தாழ ஒன்றரை அடி நீளமுள்ள, மெழுகுவர்த்திபோல் நுனி கூம்பிய கோல்களைத் தட்டுகின்றனர். கிறிஸ்துமஸ் காலத்தில் ஊர்ச் சதுக்கத்திலும் வீட்டு வாசல்களிலும் ஆடுவோருக்கு அகினால்டோ என்ற அன்பளிப்பாகக் காசோ பழமோ இனிப்போ கிடைக்கும் (எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான்).

அங்கு வசித்தவர்களோ இதை நேரில் கண்டவர்களோ குழுவில் இருந்தால், கோல் தட்டும் தாளக்கட்டு எவ்வாறு அமைகிறது என்பதையும், வீடு வீடாகச் செல்லும் வழக்கம் இன்றும் நீடிக்கிறதா என்பதையும் தெரிவிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன். தாளம் தெளிவாகக் கேட்கும் ஒலிப்பதிவு இருந்தால் பேருதவியாக இருக்கும்.