ஐ5-2500கே: 4.4 கிகாஹெர்ட்ஸில் நாலு றாமும் 1600க்கு ஏறுதில்லை

வவுனியா, கிளிநொச்சிப் பக்கம் பழைய சான்டி பிரிட்ஜ் (ஐ5-2500கே சேர்ந்த இன்டெல் சிபியு தலைமுறை) மெஷினை ஓவர்குளொக் பண்ணி (குறிச்ச வேகத்துக்கு மேல ஏத்தி) ஓடுற ஆக்கள் ஆரும் இருந்தால் ஒருக்கா சொல்லுங்கோ.

போர்ட் இசட்68. மல்டிபிளையர் (அடிப்படை வேகம் 100ஐப் பெருக்கிற எண்) 44, விகோர் (சிபியு கோருக்குப் போற மின்னழுத்தம்) 1.30 வோல்ட். றாமை 1333இல் விட்டால் பிரைம்95 (மெஷினை வருத்திச் சோதிக்கிற புரோகிராம்) இரவிரவா ஓடுது. நாலு 4 ஜிபி ஸ்டிக். இரண்டு 1600 சிஎல்9 (டைமிங் 9), மற்ற இரண்டும் 1333. நாலையும் 1600க்கு ஏத்தினால் பிரைம்95இல றாமையும் சேத்து வருத்துற பிளெண்ட் சோதனையில் நீலத்திரை, கோட் 124 (ஹார்ட்வேர் பிழை). 1600 சோடியை மட்டும் போட்டால் மெம்டெஸ்ட் சுத்தமா முடியுது. ஆகவே சந்தேகம் 1333 சோடியில், அல்லது சிபியுக்குள்ள இருக்கிற மெமரி கொன்ட்ரோலர் நாலைத் தாங்கேல்லை.

முதல்ல எதைத் தொடுறது? விசிசிஐஓவை (மெமரி கொன்ட்ரோலர் பக்கத்துக்குப் போற மின்னழுத்தம்) 1.05இலயிருந்து 1.10 வோல்ட்டுக்கு ஏத்துறதோ, டைமிங்கை (றாம் பதில் தர எடுக்கிற தாமதம்) 10-10-10-27, 2டி எண்டு தளர்த்துறதோ? றாமுக்கு 1.5 வோல்ட்தான் குடுத்திருக்கு, 1.575க்கு மேல போற எண்ணமில்லை.

பிசிஎல்கேயை (அந்த 100 எண்ட அடிப்படை வேகம்) கூட்டச் சொல்லாதேங்கோ. 100ஐத் தாண்டினால் சாட்டா, பிசிஐ எல்லாம் சேர்ந்து ஏறும், ஹார்ட்டிஸ்க்கில இருக்கிறது பழுதாப் போகலாம். விகோரும் இனி வேண்டாம். புதுப் பேஸ்ட் போட்டு, புழுதி ஊதியும் இந்த மத்தியான வெக்கைக்குக் கோர் 80 பாகை தொடுது.

நாலு ஸ்டிக்கோட 1600இல ஓடுற ஆக்கள் உங்கட விசிசிஐஓ, டைமிங் இரண்டையும் போடுங்கோ. 1600 சோடி ஒண்டு விக்க இருந்தாலும் சொல்லுங்கோ.